விசில் இல்லாத ஆட்டம்



1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தை உருவாக்கியபோது 13 விதிகள் எழுதினார். ஆட்டக்காரர்களைக் கவனிக்க ஒருவர், பந்தைக் கவனிக்க ஒருவர் என நடுவர்களையும் அவற்றிலேயே வைத்தார். இன்றைய என்.பி.ஏ. லீக் ஆட்டத்தில் 3 நடுவர்கள், 48 நிமிடக் கணக்கு. ஒருவர் 6 ஃபவுல் செய்தால் வெளியேற வேண்டும்.

அதே நாட்டில், நியூயார்க் நகரப் பூங்காக்களிலும் கூடைப்பந்து ஆடுகிறார்கள். வந்தவர்களே அணி பிரித்துக்கொள்கிறார்கள். நடுவரும் இல்லை, கடிகாரமும் இல்லை. பேசிவைத்த புள்ளியை முதலில் எட்டும் அணிக்கே வெற்றி. வென்றவர்கள் தொடர்ந்து ஆடுவார்கள். தோற்றவர்கள் வெளியே காத்திருக்க வேண்டும்.

அங்கே அடிபட்டவரே 'ஃபவுல்' என்று சொல்ல வேண்டும். மற்றவர்கள் முணுமுணுத்தாலும் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள். தோற்றால் நெடுநேரம் உட்கார வேண்டுமே என்ற நிலையில், படாத அடியைப் பட்டதாகச் சொல்ல நாக்கு துடிக்காதா? ஒருமுறை சொல்லித் தப்பலாம். அடுத்த முறை உண்மையாகவே அடிபட்டாலும் நம்ப ஆள் இருக்காது. பிறகு அணி பிரிக்கும்போது அவரைக் கூப்பிடவும் தயங்குவார்கள்.

லீக்கில் நடுவர் கண்ணில் படாத தவறு கணக்கில் வராது. பூங்காவிலோ, தவறு செய்தவருக்கும் தெரியும், அடிபட்டவருக்கும் தெரியும். அந்த இருவரின் நேர்மையில்தான் ஆட்டமே நிற்கிறது.

நம் நாட்களில் பெரும்பகுதி இந்தப் பூங்கா ஆட்டம்தான். தராசைப் பிடிக்கும்போதும், மீதிச் சில்லறை கொடுக்கும்போதும், வீட்டில் ஒரு சொல் சொல்லும்போதும் யாரும் விசில் ஊதுவதில்லை. மனச்சான்று மட்டும் மெல்லச் சொல்லும். அது சொல்லும்போது ஆட்டத்தை நிறுத்துகிறோமா?