டிராக்டரின் ஹீட் மீட்டர் உண்மை சொல்கிறதா?

(உழவர் பயிற்சி வகுப்பில் உழவியல் விரிவுரையாளர் ஒருவர் ஆற்றிய உரை)



பயிரைப் பற்றிப் பேச வேண்டியவன் டிராக்டரைப் பற்றிப் பேசுவதேன் என்று நீங்கள் நினைக்கலாம். நெல் நாற்றின் வயதுக்கு 'மாதத்துக்கு ஒரு வாரம்' என்பது நாம் அறிந்த கணக்கு. மூன்று மாத நெல்லுக்கு மூன்று வாரம். நான்கு மாத நெல்லுக்கு நான்கு வாரம். சேற்றுழவு ஓட்ட வேண்டிய நாளில் டிராக்டர் சூடேறிப் படுத்துவிட்டால் நாற்று முற்றிவிடும். முற்றிய நாற்று தூர் குறைவாகவே கட்டும். ஆகவே, இதுவும் பயிரைப் பற்றிய பேச்சுதான்.

பழைய டிராக்டர்கள் பலவற்றில் ஹீட் மீட்டர் வேலை செய்வதில்லை. "ஆவி வந்தால் தெரியாமலா போகும்?" என்று விட்டுவிடுகிறோம். ஆவி தெரியும் வேளையில் சிலிண்டர் ஹெட் வளைந்தோ, கேஸ்கெட் எரிந்தோ போயிருக்கலாம். மறுபுறம், தவறாகக் காட்டும் மீட்டரை நம்பி, நல்ல ரேடியேட்டரைக் கழற்றிச் செலவு செய்பவர்களும் உண்டு. எனவே முதலில் அறிய வேண்டியது ஒன்றே: சூடாவது இயந்திரமா, கெட்டுப்போனது மீட்டரா?

மீட்டரில் இரு வகை

முதல் வகையில், இயந்திரத்தில் திருகிய குமிழிலிருந்து மெல்லிய செப்புக் குழாய் நேராக மீட்டருக்கு வரும். குமிழிலுள்ள திரவம் சூட்டில் ஆவியாகி, அந்த அழுத்தம் முள்ளை நகர்த்தும். இதற்கு பேட்டரி தேவையில்லை. இரண்டாம் வகை மின்சார மீட்டர். இயந்திரத்தில் ஒரு சென்சாரும், அதிலிருந்து மீட்டருக்கு ஓர் ஒயரும் இருக்கும். சூடு ஏற ஏறச் சென்சாரின் மின்தடை குறையும், முள் ஏறும். இயந்திரத்தின் உடலே இதற்கு எர்த்.

மின்சார மீட்டரைச் சோதிக்கும் முறை

1. முள் அசையவே இல்லையா? முதலில் பியூஸையும் ஒயர் முனைகளையும் பாருங்கள். பிறகு சாவியைத் திருப்பி வைத்து, சென்சாரிலுள்ள ஒயரைக் கழற்றி, அதன் முனையை இயந்திரத்தின் சுத்தமான இரும்புப் பகுதியில் ஒரு நொடி மட்டும் தொடுங்கள். முள் சூட்டுப் பக்கம் ஏறினால் மீட்டரும் ஒயரும் நன்றாக உள்ளன. குறை சென்சாரில் அல்லது அதன் எர்த்தில். ஏறாவிட்டால் ஒயர் அறுந்திருக்கலாம், மீட்டருக்கு மின்சாரம் வராதிருக்கலாம் அல்லது மீட்டர் கெட்டிருக்கலாம்.

2. இயந்திரம் குளிர்ந்திருக்கும்போதே முள் சிவப்புக்குப் போகிறதா? சென்சாரின் ஒயரைக் கழற்றுங்கள். முள் இறங்கினால் சென்சாரை மாற்றுங்கள். இறங்காவிட்டால், ஒயரின் உறை தேய்ந்து எங்கோ இரும்பைத் தொடுகிறதா என்று தேடுங்கள். எலி கடித்த இடங்களைப் பார்க்கத் தவறாதீர்கள்.

3. டீசல் மீட்டரும் சேர்ந்தே தவறாகக் காட்டுகிறதா? அப்படியானால் இரண்டுக்கும் பொதுவான எர்த்தையும் மின்சார வரவையும் பாருங்கள்.

வெந்நீர்ச் சோதனை

முள் அசைந்தாலும் சரியாகக் காட்டுகிறதா என்று அறிய இதுவே எளிய வழி. குழாய் வகையானால் குமிழைக் கழற்றி வெந்நீரில் அமிழ்த்துங்கள். மின்சார வகையானால் சென்சாரை அதன் ஒயருடன் இணைத்து, சென்சாரின் உடலிலிருந்து இயந்திரத்துக்குத் தனி ஒயர் ஒன்று கொடுத்து அமிழ்த்துங்கள். ஒயர் மாட்டும் முனை நனையக் கூடாது. சமவெளியில் நீர் ஏறக்குறைய 100 சென்டிகிரேடில் கொதிக்கும். உதகையில் 93 அளவிலேயே கொதித்துவிடும். எண் இல்லாத மீட்டரில், முள் நின்ற இடத்தைக் கண்ணாடியில் பெயின்டால் குறித்து வைத்தால் ஓட்டுநருக்கு உதவும். குழாய் வகையில் முள் அசையாவிட்டால் பெரும்பாலும் உள்ளிருந்த திரவம் கசிந்திருக்கும். தொகுதி முழுவதையும் மாற்றுவதே சரி.

புதியது பொருத்தும்போது

இயந்திரம் நன்றாக ஆறிய பின்னரே வேலையைத் தொடங்குங்கள். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் வெந்நீர் முகத்தில் பீறிட்டடிக்கும். சென்சார் இருக்கும் மட்டத்துக்குக் கீழே நீர் இறங்கும்வரை வடித்துவிட்டுக் கழற்றுங்கள். மீட்டருக்குப் பொருந்திய சென்சாரையே வாங்குங்கள். மரை ஒன்றாக இருந்தாலும் மின்தடை வேறானால் கணக்கு தவறும். மரையில் வெள்ளை டேப்பை அதிகம் சுற்றினால் எர்த் தடைபட்டு முள் குறைத்துக் காட்டும். செப்புக் குழாயை ஒடித்து மடிக்கவோ வெட்டவோ கூடாது. மிஞ்சும் நீளத்தை அகலமான வளையமாகச் சுற்றிக் கட்டுங்கள். தகட்டைத் துளைத்துச் செல்லும் இடத்தில் ரப்பர் வளையம் போடுங்கள். சைலன்சர் பக்கம் போகவிடாதீர்கள். பிறகு கூலன்ட் நிரப்பி, இயந்திரத்தை ஓடவிட்டு, காற்று வெளியேறியதும் மட்டத்தை நிறைவு செய்யுங்கள்.

மீட்டர் சரியாக இருந்தும் முள் ஏறினால்

அப்போது சூடாவது இயந்திரமே. ரேடியேட்டர் தகடுகளில் வைக்கோல் தூசும் பதரும் அடைத்துள்ளனவா, விசிறி பெல்ட் தளர்ந்ததா, நீர் கசிகிறதா என்று இந்த வரிசையில் பாருங்கள். அதன் பிறகே தெர்மோஸ்டாட்டையும் தண்ணீர் பம்ப்பையும் சந்தேகியுங்கள். சூட்டுக்கு அஞ்சித் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது தவறு. இயந்திரம் தேவையான சூட்டுக்கு வராமல் ஓடினால் டீசல் கூடுதலாகும், தேய்மானமும் மிகும்.

வயலில் முள் சிவப்பைத் தொட்டால், ரோட்டவேட்டரின் இயக்கத்தை நிறுத்திச் சுமையைக் குறைத்து, சில நிமிடம் மெதுவாக ஓடவிடுங்கள். நீர் வெளியே கொட்டிவிட்டது என்று தெரிந்தால் மட்டும் உடனே நிறுத்துங்கள். சூடான இயந்திரத்தில் குளிர்ந்த நீரை ஊற்றினால் ஹெட் வெடிக்கும்.

முக்கியமான ஒன்று. சென்சார் நீரில் மூழ்கியிருந்தால்தான் உண்மை சொல்லும். நீர் வற்றிச் சென்சார் வெளியே நின்றால், இயந்திரம் கொதித்துக்கொண்டிருக்கும்போதே முள் கீழே இறங்கலாம். ஏறியிருந்த முள் காரணமின்றித் திடீரென்று விழுந்தால், "ஆறிவிட்டது" என்று மகிழாதீர்கள். நிறுத்திவிட்டு நீரைப் பாருங்கள். எந்த மீட்டரும் காலையில் நீர் மட்டம் பார்க்கும் வழக்கத்துக்கு ஈடாகாது.

அடுத்த பருவச் சேற்றுழவுக்கு முன், ஓய்வாக உள்ள ஒரு நாளில் இச்சோதனைகளைச் செய்து முடியுங்கள். நாற்று காத்திருக்காது.