காய்ச்சினாலும் போகாத உப்பு



நம் பேத்தமங்களா ஏரியில் பாலாற்று நீர் தேங்குகிறது. தங்கவயல் மக்கள் பல ஆண்டுகள் அதைக் குடித்தார்கள். மழை பொய்த்தால் ஆழ்துளைக் கிணறுதான் கதி.

கோலார் மாவட்டத்தில் பல கிணறுகளின் நீரில் ஃபுளோரைடு என்னும் உப்பு அதிகம். 1937இல் நெல்லூர்ப் பகுதியில் மருத்துவர்கள் இதன் கேட்டைக் கண்டறிந்தார்கள். பிள்ளைகளின் பல்லில் கறை படியும். தேய்த்தாலும் போகாது. நாளடைவில் முதுகெலும்பு விறைக்கும். குனிந்து களை எடுக்க முடியாது.

நீரைக் காய்ச்சினால் கிருமி சாகும். ஃபுளோரைடு போகாது.

கிணற்று நீரைச் சோதிக்கும்படி பஞ்சாயத்தில் கேளுங்கள். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் குடிக்க வேண்டாம். மழைநீரைச் சுத்தமாகப் பிடித்து, காய்ச்சிக் குடியுங்கள். கேழ்வரகுக் களியை விடாதீர்கள். அதன் சுண்ணாம்புச் சத்து எலும்புக்குப் பலம். ஆனால் நல்ல நீருக்கு அது ஈடாகாது.