இரசாயனப் பொறியியல் கற்க எங்கே செல்வது?

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இவ்விழாவிலே இளைஞர் ஒருவர் கல்வியைப் பற்றிப் பேசவேண்டும் எனச் செயலாளர் பணித்தார். கல்வியின் பெருமையை எம்மிலும் நன்கு கூறத்தக்க பெரியோர் பலர் இங்கே வீற்றிருக்கின்றனர். ஆதலால், நாம் அண்மையிலே பட்டு அறிந்த ஒரு சிறு பொருளையே எடுத்துக்கொண்டோம். இரசாயனப் பொறியியல் கற்க விரும்பும் ஒரு மாணவன் எந்தப் பல்கலைக்கழகத்தைத் தெரிவுசெய்தல் வேண்டும் என்பதே அது.

உயர்தரப் பரீட்சைப் பேறு வெளிவந்ததும் எமது வீடுகளில் நடப்பதை நீங்கள் அறிவீர்கள். முற்றத்திலே கதிரைகள் போடப்படும். உறவினர் வருவர். எமது வீட்டிலும் அவ்வாறே நடந்தது. இரசாயனப் பொறியியல் எமக்கு விருப்பம் என்று வாய்திறந்தோம். உடனே பெரியப்பா, "கெமிக்கல் படிச்சு என்ன தம்பி செய்யப்போறாய்? சோப்புக் காய்ச்சப் போறியோ?" என்றார். எல்லோரும் சிரித்தனர். நாமும் சிரித்தோம், ஆயினும் மறுமொழி சொல்லத் தெரியவில்லை. அன்று சொல்லாத மறுமொழியை இன்று சொல்ல முயல்கின்றோம்.

முதலாவதாக, இத்துறை யாது? பள்ளிக்கூடத்திலே உப்புக் கரைசலினூடே மின்னைச் செலுத்திக் குளோரீன் வாயு எழுவதை நாம் கண்டிருக்கிறோம். அது இரசாயனம். அதனையே தொன் கணக்கிலே, நாள்தோறும், ஒருவருக்கும் தீங்கின்றி, இலாபத்தோடு செய்வது இரசாயனப் பொறியியல். கணக்கைப் பாருங்கள். 117 கிலோகிராம் உப்பும் 36 கிலோகிராம் நீரும் முற்றாகத் தாக்கமுற்றால் 80 கிலோகிராம் எரிசோடாவும், 71 கிலோகிராம் குளோரீனும், 2 கிலோகிராம் ஐதரசனும் கிடைக்கும். இட்டது 153, பெற்றது 153. தாளிலே இது எளிது. ஆனால் நஞ்சாகிய குளோரீனை எந்தக் குழாயினூடே கொண்டுசெல்வது? தீப்பற்றும் ஐதரசனை அதனோடு கலவாது எப்படிப் பிரிப்பது? மின்னுக்கு ஆகும் செலவை எப்படிக் குறைப்பது? கழிவை எங்கே விடுவது? இவ்வினாக்களே எமது துறையின் பாடங்கள்.

இந்த உதாரணத்தை நாம் வேண்டுமென்றே எடுத்தோம். ஆனையிறவு உப்பைக்கொண்டு எரிசோடாவும் குளோரீனும் செய்த தொழிற்சாலை பரந்தனிலே இருந்தது. காங்கேசன்துறையிலே சீமெந்துத் தொழிற்சாலை 1950 இல் உற்பத்தியைத் தொடங்கிற்று. வாழைச்சேனையிலே வைக்கோலிலிருந்து காகிதம் செய்தனர். போர் வந்தது, பரந்தனும் காங்கேசன்துறையும் ஓய்ந்தன. எமது தலைமுறை அவற்றை இடிபாடுகளாகவே கண்டது. பெரியப்பா கேட்ட கேள்வியின் வேர் இங்கேதான் இருக்கின்றது. தொழிற்சாலையைக் காணாத பிள்ளைக்குத் தொழிற்சாலைக் கல்வி விளங்குவது எப்படி?

நிற்க. இனி எங்கே கற்பது என்பதற்கு வருவோம். இலங்கையின் அரச பல்கலைக்கழகங்களில் இத்துறையிலே பொறியியற் பட்டம் பெற நெடுங்காலமாக இருக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று மொறட்டுவை, மற்றையது பேராதனை. கிளிநொச்சி அறிவியல் நகரிலே எமது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இருப்பது எமக்கெல்லாம் பெருமை. குடிசார், மின், இயந்திர, கணினிப் பொறியியல்களை அங்கே கற்கலாம். ஆனால் இரசாயனப் பொறியியலை நாடுபவன் வீட்டை விட்டுத் தெற்கே செல்லவே வேண்டும். தாயின் சோற்றையும் துறையையும் ஒருங்கே பெற இயலாது. இது முதலாவது உண்மை.

இரண்டாவது உண்மை பலருக்குத் தெரியாதது. இவ்விரு இடங்களிலும் மாணவன் பொறியியலுக்கே பொதுவாக அனுமதி பெறுகின்றான். இரசாயனப் பொறியியலுக்கு அன்று. தொடக்கத்திலே எல்லோரும் ஒரே பாடங்களைக் கற்பர். அப்பரீட்சைப் பெறுபேற்றையும் விருப்பத்தையும் நோக்கிய பின்னரே துறை பகிரப்படும். ஆகவே, உயர்தரத்தில் மூன்று ஏ எடுத்தோம், இனி ஆறுதலாக இருக்கலாம் என்று எண்ணுபவன் வாயிலிலேயே இடறுவான்.

எமது குறையை மறையாது கூறுகின்றோம். நாம் எந்த ஒரு பல்கலைக்கழகத்தையும் கண்ணாற் காணாமல், ஒரு மாலைப்பொழுதில், பிறர் சொல்லைக் கேட்டே விருப்ப வரிசையை நிரப்பினோம். பின்னர் விரிவுரை மண்டபத்தில் அமர்ந்தபோது அதிர்ச்சி காத்திருந்தது. உயர்தரம்வரை தமிழிலே கற்றோம். அங்கே யாவும் ஆங்கிலம். மிஷன் பாடசாலையிலே படித்தவர் நாம். ஆங்கிலத்துக்கு அஞ்சமாட்டோம் என்று இறுமாந்திருந்தோம். பாடசாலைப் பரிசளிப்பு விழாவிற் பேசும் ஆங்கிலம் வேறு. வெப்பவியக்கவியலை ஒரு மணிநேரம் செவியாற் கேட்டு விளங்கும் ஆங்கிலம் வேறு. முதற் பரீட்சையிலே எமது புள்ளிகள் தாழ்ந்தன. விரும்பிய துறை எமக்கு மயிரிழையிலேதான் கிடைத்தது. எம்மிலும் கூடிய ஆர்வமுள்ள நண்பர் ஒருவருக்கு அது கிடைக்கவில்லை. அவர் வேறு துறையை ஏற்று நன்றாகவே கற்கின்றார். ஆயினும் இரசாயன ஆய்வுகூடத்தைக் கடக்கும்போதெல்லாம் அவர் ஒரு கணம் நின்று பார்ப்பதை நாம் கண்டிருக்கின்றோம். தம்பிமாரே, பேறு வெளிவந்து அனுமதி கிடைக்கும்வரை உள்ள மாதங்களை வீணாக்காதீர்கள். ஆங்கிலத்திலே கணிதமும் இரசாயனமும் வாசியுங்கள்.

நாம் இவ்விரண்டில் எங்கே கற்கின்றோம் என்பதைக் கூறமாட்டோம். கூறினால் நடுநிலை கெடும். இச்சபையிலே அறிந்தவர்கள் சற்று நேரம் மறந்துவிடுங்கள்.

மொறட்டுவைப் பல்கலைக்கழகம் கொழும்புக்குத் தெற்கே, கட்டுபெத்தையிலே, பொல்கொடை வாவியின் அருகில் உள்ளது. 1960 இல் அங்கே தொடங்கிய தொழினுட்ப நிறுவகம், 1966 இல் இலங்கைத் தொழினுட்பக் கல்லூரியாகி, 1972 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் வளாகமாகி, 1978 இலே தனிப் பல்கலைக்கழகமாயிற்று. தொழினுட்பத்துக்கென்றே பிறந்த இடம் அது. நாட்டின் கைத்தொழிலிற் பெரும்பகுதி மேல் மாகாணத்திலே இருக்கின்றது. 1969 இல் இயங்கத் தொடங்கிய சப்புகஸ்கந்தை எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையமும், பியகமை, கட்டுநாயக்கா வலயங்களின் ஆலைகளும் பஸ் ஏறிப் போய்வரும் தூரத்தில் உள்ளன. தொழிற்பயிற்சிக்கும், ஆலைகளைச் சென்று பார்ப்பதற்கும், பின்னர் வேலை தேடுவதற்கும் இது பெரிய வாய்ப்பு. மறுபக்கம், கொழும்பை அண்டிய இடமாதலால் அறை வாடகையும் சாப்பாட்டுச் செலவும் கூடும். பெற்றோர் இதனைக் கணக்கிட்டே ஆகவேண்டும்.

பேராதனையின் பொறியியற் பீடம் நாட்டிலே மூத்தது. 1950 இல் கொழும்பிலே தொடங்கி, 1960 களின் நடுப்பகுதியில் மகாவலிக் கரைக்குப் பெயர்ந்தது. அங்கே மருத்துவம், விவசாயம், விலங்கு வைத்தியம், விஞ்ஞானம், கலை யாவும் ஒரே பல்கலைக்கழகத்தில் உள்ளன. நீரைப் பற்றியோ உணவைப் பற்றியோ ஆராய விரும்பும் பொறியியல் மாணவன், விவசாயப் பீடத்தாரையும் விஞ்ஞானப் பீடத்தாரையும் நடந்தே சென்று காணலாம். மலைநாட்டுத் தேயிலைத் தொழிற்சாலைகள் அயலிலே உள்ளன. கொழுந்தை வாட்டி, உருட்டி, ஒட்சியேற்றி, உலர்த்தும் ஒவ்வொரு படியும் எமது துறையின் பாடமே. விடுதி வாழ்க்கையும் அமைதியான சூழலும் உண்டு. சைவப் பிள்ளைகளுக்கு வளவிலேயே குறிஞ்சிக் குமரன் ஆலயம் இருக்கின்றது. ஆனால் பெரிய ஆலைகள் தொலைவில் உள்ளமையால் பயிற்சிக்காகக் கொழும்புப் பக்கம் சென்று தங்க நேரிடலாம்.

பட்டத்தின் மதிப்பில் எது உயர்ந்தது என்று கேட்பீர்கள். வீண் வாதம் வேண்டாம். பொறியியற் பட்டங்களின் தரத்தை நாடுகள் தம்முள் ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் உடன்படிக்கை 1989 இல் உண்டாயிற்று. இலங்கைப் பொறியியலாளர் நிறுவகம் 2014 இல் அதன் முழு உறுப்புரிமை பெற்றது. நீங்கள் பார்க்கவேண்டியது ஊரார் சொல்லும் பெயரை அன்று. நீங்கள் கற்கப்போகும் குறித்த பட்டநெறி, நீங்கள் கற்கும் காலத்திலே அந்நிறுவகத்தின் அங்கீகாரம் பெற்றுள்ளதா என்பதையே. இந்தியாவுக்குச் செல்ல எண்ணுவோரும் இதே கேள்வியைக் கேட்கவேண்டும். சென்னையிலே 1944 இல் அழகப்பச் செட்டியாரின் கொடையால் எழுந்த தொழினுட்பக் கல்லூரியும், பம்பாயிலே 1933 இல் தொடங்கிய இரசாயனத் தொழினுட்ப நிலையமும் இத்துறையிற் புகழ் பெற்றவை. புலமைப்பரிசில் கிடைப்பின் நல்லது. கடன்பட்டுச் செல்வதாயின் பலமுறை சிந்தியுங்கள்.

ஆகவே, விருப்ப வரிசையை நிரப்புமுன் நான்கு காரியங்கள் செய்யுங்கள். முதலாவது, இரு இடங்களுக்கும் நேரிற் சென்று பாருங்கள். அங்கே கற்கும் எமது ஊர்ப் பிள்ளைகள் இருப்பர், அவர்களோடு ஒருநாள் தங்குங்கள். இரண்டாவது, ஆய்வுகூடத்தில் உள்ள உபகரணங்களில் மாணவர் தம் கையால் இயக்குபவை எவை என்று கேளுங்கள். மூன்றாவது, பாதுகாப்பும் சூழலும் பற்றிய பாடம் உண்டா என்று விசாரியுங்கள். 1984 இல் போபாலிலே ஓர் இரவிற் கசிந்த வாயு ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. 2021 இல் எமது கடலிலே எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்து பிளாஸ்ரிக் மணிகள் கரையெங்கும் ஒதுங்கின. தவறு செய்யாதிருக்கக் கற்பதும் எமது தொழிலின் பாதி. நான்காவது, விரும்பிய துறை கிடைக்காவிடின் அங்கே வேறெதைக் கற்க மனம் ஒப்பும் என்று முன்னரே தீர்மானியுங்கள். மாவட்ட வெட்டுப்புள்ளியும் துறைப் பகிர்வும் எமது கையில் இல்லை.

இவ்வளவும் சொன்னபின்னும் பெரியப்பாவின் கேள்வி நிற்கின்றது. கற்று என்ன செய்வது?

எமது வீட்டுக் கிணறு உவர்க் கிணறு. சிறு வயதிலே அம்மா குடிநீருக்குக் குடத்தோடு அரைக் கட்டை தூரம் நடந்துபோய் வந்தார். எமது குடாநாட்டுக்கு ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லிலே தேங்கிய மழைநீரே எமது செல்வம். அதிலே கடலுவர் ஏறுகின்றது. தோட்டப் பசளையின் நைத்திரேற்று இறங்குகின்றது. 2024 இலே தாளையடியில், நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நீர் தரவல்ல, கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. லீற்றருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்புள்ள கடல்நீரை உயர்ந்த அமுக்கத்திலே மெல்லிய மென்சவ்வினூடே தள்ளி நன்னீர் எடுக்கின்றனர். அதனை இயக்கவும், சவ்வைக் காக்கவும், எஞ்சும் உவர்நீரை மீனவரின் கடலுக்குத் தீங்கின்றி விடவும் யார் வேண்டும்? ஆனையிறவிலே 2025 இல் உப்புத் தொழிற்சாலை ஒன்று மீண்டும் திறக்கப்பட்டது. உப்பிலிருந்து மேலும் பல பொருள் செய்ய யார் வேண்டும்? பெரியப்பா, இவைதாம் எமது மறுமொழி. வேண்டுமானாற் சோப்பும் காய்ச்சுவோம். அதற்கும் எரிசோடா வேண்டும்.

இறுதியாக ஒன்று. ஆறுமுகநாவலர் பெருமான் மிஷன் பாடசாலையிலே கற்று, அங்கேயே கற்பித்தவர். அங்கே கண்ட நன்முறைகளை எடுத்து வந்து 1848 இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பேராதனையிலே பொறியியற் பேராசிரியராக விளங்கிய அழகையா துரைராசா அவர்கள், இடர் மிக்க காலத்திலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் பொறுப்பை ஏற்றார். எங்கே கற்றனர் என்பதனால் மட்டும் அவர்களை நாம் நினைக்கவில்லை. கற்றதை எங்கே கொண்டுவந்தனர் என்பதனாலும் நினைக்கின்றோம்.

மொறட்டுவையோ பேராதனையோ, இரண்டும் நல்ல வாயில்களே. உங்கள் பணவசதியையும் மனப்பாங்கையும் நோக்கி ஒன்றைத் தெரிவுசெய்யுங்கள். பெரியோர்களே, பிள்ளைகள் தெரிந்து விரும்புவதைச் சிரித்துக் கலையாதீர்கள். கேள்வி கேளுங்கள், மறுமொழி சொல்ல அவகாசமும் கொடுங்கள். இத்துறையிலே செல்ல விரும்பும் தம்பி தங்கையர் எவரேனும் இருப்பின், விடுமுறைக் காலத்திலே இம்மன்றத்துக்கு வாருங்கள். எமது குறிப்புகளும் புத்தகங்களும் உங்களுக்காகக் காத்திருக்கும்.