நரம்பு காத்திருக்காது
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

கல்வியைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். நம் பிள்ளைகள் பலர், படிப்பை முடித்தும் முடிக்காமலும், கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் காக்களூர்த் தொழிற்பேட்டையிலும் வேலைக்குச் செல்கின்றனர். சுமை தூக்குகின்றனர், உயரத்தில் ஏறி நின்று உழைக்கின்றனர். உழைக்கும் உடலைப் பற்றிய அறிவும் கல்வியே. ஆகவே சயாட்டிக் நரம்பைப் பற்றிச் சில சொல்ல விழைகிறேன். நான் மருத்துவன் அல்லன். படித்தும் மருத்துவர்களிடம் கேட்டும் அறிந்தவற்றையே கூறுகிறேன்.

மனித உடலில் மிகத் தடித்த நரம்பு இதுவே. புட்டப் பகுதியில் ஏறத்தாழ 2 செ.மீ. அகலம் உடையது. முதுகுத்தண்டின் கீழ்ப்பகுதியிலிருந்து வரும் ஐந்து வேர்கள் கூடி இது உருவாகிறது. தொடையின் பின்புறமாக இறங்கி, பெரும்பாலோர்க்கு முழங்காலுக்குச் சற்று மேலே இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை கெண்டைக்காலுக்கும் உள்ளங்காலுக்கும் செல்கிறது. மற்றது முழங்காலின் வெளிப்புறத்தில் எலும்பை ஒட்டி வளைந்து முன்காலுக்கு வருகிறது. பாதத்தை மேலே தூக்கும் தசைகளை இயக்குவது இதுவே. இது கெட்டால் பாதம் தொங்கிவிடும். நடக்கையில் விரல்கள் தரையில் இழுபடும்.

சுமை தூக்குவோர்க்கு முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு பிதுங்கி நரம்பு வேரை அழுத்துவதுண்டு. உயரத்திலிருந்து விழுந்து இடுப்பு மூட்டு பின்பக்கம் நழுவினால் நரம்பு நசுங்கலாம். புட்டத்தில் இடம் தவறிப் போடும் ஊசியும் இதனைக் கெடுக்கும்.

நரம்புக் காயங்களை 1943-இல் ஆங்கில அறுவை மருத்துவர் செடன் மூவகையாகப் பிரித்தார். முதல் வகையில் நரம்பு அறவில்லை. செய்தி மட்டும் தடைப்படுகிறது. சில வாரங்களில் தானே தேறும். இரண்டாவதில் உள்ளிழைகள் அறுகின்றன, உறை நிற்கிறது. மூன்றாவதில் நரம்பே துண்டாகிறது. அறுவை மருத்துவம் இன்றித் தேறாது.

அறுந்த இழை நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மி.மீ. வளரும். மாணவர்களே, கணக்கிட்டுப் பாருங்கள். புட்டத்தில் அறுந்த இழை முழங்காலுக்குக் கீழுள்ள தசையை அடைய 45 செ.மீ. வளர வேண்டுமெனில், 450 நாட்கள், அதாவது 15 மாதங்கள் ஆகும். நரம்பின் ஆணை பெறாத தசையோ ஓராண்டு, ஒன்றரை ஆண்டுக்குப் பின் சுருங்கி நாராகி, மீளும் திறனை இழந்துவிடுகிறது. எனவே தாமதிக்கும் ஒவ்வொரு மாதமும் இழப்பே.

கூரிய கருவியால் அறுந்த நரம்பை, நுண்ணோக்கியின் கீழ், தலைமயிரினும் மெல்லிய இழைகொண்டு தைக்கின்றனர். இடைவெளி இருந்தால் இழுத்துக் கட்டுவதில்லை. கெண்டைக்காலின் பின்புறமுள்ள உணர்ச்சி நரம்பொன்றை எடுத்துப் பாலமாக வைக்கின்றனர். வியன்னா நகரின் மில்லேசி 1970களில் இம்முறையை நிலைநாட்டினார்.

நம் மாநிலத்திற்கும் இத்துறையில் பெருமையுண்டு. கொல்லிமலையில் 1914-இல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1948 முதல் தொழுநோயாளிகளின் முடங்கிய கைகளுக்கு அறுவை செய்தார். உலகம் தொட அஞ்சிய கைகள் அவை. விரல்கள் அழிவது, உணர்ச்சியற்ற நிலையில் படும் காயங்களாலேயே என்பதையும் விளக்கினார். பாதம் தொங்கியோர்க்கு, இயங்கும் வேறொரு தசையின் நாணை இடம் மாற்றிப் பொருத்தும் அறுவையும் அங்கு வளர்ந்தது. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் ஆர். வெங்கடசாமி 1970களின் தொடக்கத்தில் கைக்காயங்களுக்கெனத் தொடங்கிய பிரிவு, இன்று பெயர்பெற்ற நிலையமாகத் திகழ்கிறது. கும்மிடிப்பூண்டியிலிருந்து மின்தொடர் வண்டியில் ஏறி அங்குச் சென்றுவிடலாம்.

ஆனால் வாய்ப்பு அருகிலிருப்பது வேறு. அதனை அடைவது வேறு. என்னிடம் பயின்ற ஒருவன், ஓர் ஆலையில் ஒப்பந்தக் கூலியாக இருந்தபோது சாரத்திலிருந்து விழுந்தான். நழுவிய இடுப்பு மூட்டைச் சரிசெய்து அனுப்பினார்கள். பாதம் தொங்குவதைக் கூறியபோது, “போகப்போகச் சரியாகும்” என்றனர். மேற்பார்வையாளரோ விபத்தைப் பதிவேட்டில் எழுதவில்லை. இரண்டாண்டுகள் கழித்து நரம்பு மருத்துவரைக் கண்டபோது, தசை மீளும் காலம் கடந்திருந்தது. இன்று காலில் தாங்கி கட்டி நடக்கிறான்.

ஆகவே நான்கு செய்திகளை இல்லந்தோறும் கொண்டு செல்ல வேண்டுகிறேன். இடுப்பிலோ காலிலோ அடிபட்டால், பாதத்தைத் தூக்க முடிகிறதா, பாதத்தின் மேற்புறத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று அன்றே பாருங்கள். இல்லையெனில் எண்ணெய் தேய்த்து நாளைக் கடத்தாமல் பெரிய மருத்துவமனைக்குச் செல்லுங்கள். உணர்ச்சியற்ற பாதத்தில் புண் உண்டா என்று நாள்தோறும் நோக்குங்கள். விபத்தை எழுத்தில் பதியச் செய்து, மருத்துவச் சீட்டுகளைப் பாதுகாத்திடுங்கள், ஈ.எஸ்.ஐ. திட்டத்தின் வரம்பில் வரும் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் அதன் உரிமைகள் உண்டு.

எழுத்தறிந்த நம் மாணவர்கள், எழுதத் தெரியாத தந்தைக்கும் தமையனுக்கும் அந்த விபத்து விண்ணப்பத்தை எழுதித் தரட்டும். சங்கத்தின் மாலை வகுப்புகளில் இதற்கு ஒரு நாளை ஒதுக்குமாறு நிருவாகிகளைக் கேட்டு அமைகிறேன்.