தோற்ற அணியிலும் நல்ல ஆட்டக்காரர் உண்டு



"ஒரு கோல் வித்தியாசத்தில் அணி தோற்றால் யார் பொறுப்பு?" என்பதே இன்றைய கருத்தரங்கின் தலைப்பு. பெரிய தோல்வியில் இந்தக் கேள்விக்கு வேலை இல்லை. 2015 செப்டம்பரில் மலேசிய அணி ஐக்கிய அரபுச் சிற்றரசிடம் 0-10 எனத் தோற்றது. பயிற்றுநர் டோலா சாலே பதவி விலகினார். அப்படிப்பட்ட தோல்வியில் ஆட்டக்காரரைத் தனித்தனியாகப் பிரித்துப் பேச இடமே இல்லை. ஒரே ஒரு கோலில் கிண்ணம் கைநழுவும்போதுதான் ரசிகருக்குத் தூக்கம் போகிறது. "அவன் மட்டும் அந்தப் பந்தை ஒழுங்காகப் பிடித்திருந்தால்..." என்ற பேச்சு தொடங்குகிறது.

அந்தப் பேச்சை மலாக்காவில் எங்கும் கேட்கலாம். ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா, பத்தாங் மலாக்கா என்று எந்தச் சிற்றூரின் காப்பிக் கடையிலும், செம்பனைக்கு மாறிவிட்ட தோட்டத்தின் லயத்து வாசலிலும், தோட்டம் போய் எழுந்த தாமான்களிலும், மறுநாள் காலையில் ஒரு விசாரணை நடக்கும். நீதிபதிகள் பலர். குற்றவாளி ஒருவர். அவர் தரப்பைச் சொல்ல அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.

விசாரணை கூடாது என்று யாரும் சொல்ல முடியாது. டிக்கெட் வாங்கியவருக்கும், மழையில் நனைந்து கொடி பிடித்தவருக்கும், வேலை அலுப்போடு தொலைக்காட்சி முன் உட்கார்ந்தவருக்கும் கேட்கும் உரிமை உண்டு. ஆனால் தீர்ப்பு எதை வைத்து வழங்கப்படுகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

2014 டிசம்பர் 20

இதற்கு நல்ல உதாரணம் 2014ஆம் ஆண்டு சுசுகி கிண்ண இறுதியாட்டம். தென்கிழக்காசியக் காற்பந்து வெற்றியாளரைத் தீர்மானிக்கும் போட்டி அது. இறுதியாட்டம் இரண்டு சுற்று. டிசம்பர் 17இல் பாங்காக்கில் நடந்த முதல் சுற்றில் தாய்லாந்து 2-0 என வென்றது. இரண்டாவது சுற்று டிசம்பர் 20இல் புக்கிட் ஜாலிலில். ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே சாஃபிக் ரஹிம் பினால்டியைக் கோலாக்கினார். முதல் பாதி முடியும் வேளையில் இந்திரா புத்ரா மஹாயுடின் இரண்டாவது கோலைப் போட்டார். ஒரு மணி நேரம் ஆகும் முன்பே மீண்டும் சாஃபிக். 3-0. மொத்தக் கணக்கில் மலேசியா 3-2 என முந்திவிட்டது. கிண்ணம் கைக்கு வந்துவிட்டது என்றே நாடு நினைத்தது.

82ஆவது நிமிடத்தில் சாரில் சாப்புயி தாய்லாந்துக்கு ஒரு கோல் போட்டார். 87ஆவது நிமிடத்தில் சானாதிப் இன்னொரு கோல் போட்டார். அன்றைய ஆட்டத்தை மலேசியா 3-2 என வென்றது. கிண்ணத்தையோ மொத்தக் கணக்கில் 4-3 எனத் தாய்லாந்து கொண்டு போனது. வென்ற ஆட்டத்தில் தோற்றுப்போன வேதனை அது.

இப்படி முடியும் ஆட்டத்துக்குப் பிறகு காப்பிக் கடையில் மூன்று தீர்ப்புகள் வழக்கமாக வரும். கோல் காவலர் கோட்டை விட்டார் என்பது ஒன்று. தற்காப்பு ஆட்டக்காரர் தூங்கிவிட்டார் என்பது இரண்டு. பயிற்றுநர் ஆளை மாற்றியது தவறு, அல்லது மாற்றாதது தவறு என்பது மூன்று. மூன்றும் கடைசி பத்து நிமிடங்களைப் பார்த்துச் சொல்லப்படுபவை. இரண்டு சுற்றும் சேர்ந்து 180 நிமிடம் என்பதை அங்கே யாரும் நினைப்பதில்லை.

கடிகாரம் சொல்லும் சாட்சி

180 நிமிடத்தையும் பார்த்தால் வேறு ஒன்று கண்ணில் படும். பாங்காக்கில் தாய்லாந்தின் முதல் கோல் 72ஆவது நிமிடத்தில், பினால்டி மூலம் வந்தது. இரண்டாவது கோல் 86ஆவது நிமிடத்தில். புக்கிட் ஜாலிலில் 82, 87. ஆக, மலேசியா வாங்கிய நான்கு கோல்களும் 70ஆவது நிமிடத்துக்குப் பிறகு வந்தவை. இரண்டு நகரங்களிலும் முதல் 70 நிமிடத்தில் தாய்லாந்தால் ஒரு கோல்கூடப் போட முடியவில்லை.

ஒரு பிழை என்றால் அது ஒருவருடைய பிழையாக இருக்கலாம். நான்கு கோல்களும் கடைசி இருபது நிமிடங்களிலேயே வருகின்றன என்றால், அதை ஒருவர் தலையில் கட்ட முடியாது. அது உடல் வலிமையின் கேள்வி. மாற்று ஆட்டக்காரர்களின் தரம் பற்றிய கேள்வி. முன்னணியில் இருக்கும்போது பந்தைத் தன் காலில் வைத்திருக்கத் தெரிகிறதா என்ற கேள்வி. பின்வாங்கி நிற்கும் அணி பந்தை எதிரணிக்குக் கொடுத்துவிடுகிறது. பந்து இல்லாமல் ஓடுகிறவருக்கே கால் சீக்கிரம் சோர்கிறது.

வயதையும் பார்க்க வேண்டும். அப்போது மலேசிய அணித் தலைவர் ஷுகோர் அடானுக்கு 35 வயது. கோல் போட்ட இந்திரா புத்ராவுக்கு 33. தாய்லாந்தின் சானாதிப்புக்கு 21, சாப்புயிக்கு 22. டிசம்பர் 7 முதல் 20 வரை மலேசியா நான்கு கடுமையான ஆட்டங்கள் ஆடியது. தாய்லாந்தும் ஏறக்குறைய அத்தனை ஆட்டங்கள்தான் ஆடியது. சுமை ஒன்றே. அதைத் தாங்கும் கால்கள்தான் வேறு. அப்படியானால் கேட்க வேண்டிய கேள்வி, "அவன் ஏன் பந்தை விட்டான்?" என்பதா? "இருபத்தொரு வயதில் அந்த இடத்தில் நிற்கக்கூடிய நம் பிள்ளைகள் எங்கே?" என்பதா? முதல் கேள்விக்குப் பதில் ஒரு வசவு. இரண்டாவது கேள்விக்குப் பதில் தேடினால் பள்ளித் திடல் வரைக்கும் போக வேண்டியிருக்கும்.

அவசரத் தீர்ப்பு

2010ஆம் ஆண்டை எண்ணிப் பாருங்கள். சுசுகி கிண்ணத்தின் முதல் ஆட்டத்தில் கே. ராஜகோபால் பயிற்றுவித்த மலேசிய அணி ஜக்கார்த்தாவில் இந்தோனேசியாவிடம் 1-5 எனத் தோற்றது. அன்று இரவு வாக்கெடுப்பு நடத்தியிருந்தால் பயிற்றுநர் முதல் பந்து பொறுக்கும் பையன் வரை எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். அதே மாத இறுதியில் அதே இந்தோனேசியாவை இறுதியாட்டத்தில் மொத்தக் கணக்கில் 4-2 என வென்று மலேசியா முதன்முறையாக அந்தக் கிண்ணத்தைத் தூக்கியது. அந்த அணியில் எஸ். குணாளனும் இருந்தார். நான்கு வாரத்தில் கழுதை குதிரையாகிவிடவில்லை. அவர்கள் முன்பே குதிரைகள்தான். ஒரு நாள் இடறினார்கள்.

இங்கே தமிழ் ரசிகர் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. அணியில் தமிழ்ப் பெயர் ஒன்று இருந்தால் தராசு இரண்டாகிவிடுகிறது. அவர் நன்றாக ஆடினால் "நம்ம பையன்". சறுக்கினால், "நம்ம ஆளே மானத்தை வாங்கிட்டானே!" மற்றவருக்கு ஒரு மடங்கு வசவு என்றால் அவருக்கு இரண்டு மடங்கு. அவர் மலேசிய அணியின் ஆட்டக்காரர். ஓர் இனத்தின் மானத்தையும் சேர்த்துச் சுமந்துகொண்டு யாராலும் 90 நிமிடம் ஓட முடியாது.

சந்தேகம் என்னும் நஞ்சு

மூன்று தீர்ப்புகளையும் விடக் கொடிய நான்காவது ஒன்று உண்டு. "விலை போய்விட்டான்" என்பது அது. அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1994-95இல் மலேசியக் காற்பந்தை உலுக்கிய சூதாட்ட ஊழலில் 126 ஆட்டக்காரர்கள் விசாரிக்கப்பட்டனர். 58 பேர் தடை செய்யப்பட்டனர். ஆட்டக்காரர்களும் பயிற்றுநர்களுமாக 21 பேர் நீக்கப்பட்டனர். சூடு கண்ட பூனை அடுப்பைக் கண்டு அஞ்சுவது இயல்பே. ஆனால் அன்று நடந்தது விசாரணை. இன்று சிலர் செய்வது வெறும் ஊகம். சான்று இருந்தால் காவல் நிலையத்துக்கும் சங்கத்துக்கும் போக வேண்டும். சான்று இல்லாமல் ஒருவரை விலைபோனவர் என்று சொல்வது அவர் சோற்றில் மண் போடுவதாகும்.

பேச்சு கையாக மாறவும் அதிக நேரம் ஆகாது. 2014 டிசம்பர் 7இல் ஷா ஆலாம் அரங்கில் மலேசியா வியட்நாமிடம் 1-2 எனத் தோற்றது. அதுவும் ஒரு கோல்தான். மலேசிய ரசிகர்கள் சிலர் வியட்நாம் ரசிகர்களைத் தாக்கிக் காயப்படுத்தினர். நாடு வெட்கப்பட்டது. நான்கு நாள் கழித்து அதே அணி ஹனோய் சென்று 4-2 என வென்றது. திடலில் தோற்றவர்கள் திடலிலேயே பதில் சொன்னார்கள். அரங்கில் கை நீட்டியவர்கள் நாட்டுக்கு எதைப் பெற்றுத் தந்தார்கள்?

கொலம்பியாவின் ஆந்திரேஸ் எஸ்கோபாரை நினைவிருக்கலாம். 1994 உலகக் கிண்ணத்தில் அமெரிக்காவுக்கு எதிராகத் தவறுதலாகச் சொந்த வலைக்குள் பந்தைத் தட்டினார். அணி 1-2 எனத் தோற்றது. ஊர் திரும்பிய அவர் ஜூலை 2ஆம் தேதி சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 27.

ஆஸ்திரேலியர் வழி

நல்ல வழக்கம் எங்கிருந்தாலும் எடுத்துக்கொள்ளலாம். ஆஸ்திரேலியாவில் அவர்களுக்கே உரிய ஒரு காற்பந்து உண்டு. முட்டை வடிவப் பந்து, நீள்வட்டமான பெரிய திடல், ஒரு பக்கத்துக்கு 18 பேர். பந்தைக் கையில் ஏந்தி ஓடலாம், உதைக்கலாம். ஒரு கோலுக்கு ஆறு புள்ளிகள். அதன் இறுதியாட்டத்தில் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கு 1979 முதல் நோர்ம் ஸ்மித் பதக்கம் கொடுக்கிறார்கள். வென்ற அணிக்காரருக்குத்தான் என்று விதி இல்லை. 1989இல் ஜீலோங் அணி வெறும் 6 புள்ளியில், அதாவது ஒரே ஒரு கோலில், தோற்றது. பதக்கம் அந்த ஆட்டத்தில் 9 கோல் போட்ட ஜீலோங்கின் கேரி ஏபிளட்டுக்குப் போனது. 2005இல் வெஸ்ட் கோஸ்ட் அணி 4 புள்ளியில் தோற்றபோதும் பதக்கம் அந்த அணியின் கிறிஸ் ஜட்டுக்கே கிடைத்தது.

அந்தப் பதக்கத்தின் பொருள் எளிது. அணியின் முடிவு வேறு, ஆட்டக்காரரின் உழைப்பு வேறு. 2014 சுசுகி கிண்ணத்திலும் ஆறு கோல்களுடன் ஆக அதிக கோல் போட்டவர், கிண்ணத்தை இழந்த மலேசியாவின் சாஃபிக்தான். தோற்ற அணி என்பதற்காக அந்த ஆறு கோல்களும் செல்லாக் காசாகிவிடுமா?

குணத்தையும் குற்றத்தையும் தனித்தனியே நாடி, எது மிகுதி என்று பார்த்து ஒருவரை முடிவு செய்யும்படி வள்ளுவர் "தெரிந்து தெளிதல்" அதிகாரத்தில் சொல்கிறார். அரசனுக்குச் சொன்னதுதான். காப்பிக் கடை நீதிபதிக்கும் பொருந்தும்.

கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகள்

இந்தப் பேச்சையெல்லாம் பக்கத்தில் நின்று கேட்பவர் யார்? பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள். அவர்களுக்கும் கேட்க நல்ல கதைகள் உண்டு. தேசிய அணியின் தற்காப்புத் தூணாக விளங்கிய சோ சின் ஆன் இதே மலாக்காவின் அலோர் காஜாவில் பிறந்தவர். நீண்ட கைகளால் "ஸ்பைடர்மேன்" என்று பெயர் பெற்ற கோல் காவலர் ஆர். ஆறுமுகம், 1980இல் மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்ற அணியில் இருந்தவர். மலேசியா அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. ஆறுமுகம் 1988இல் சாலை விபத்தில் மறைந்தார். 2016இல் வெளிவந்த "ஓலா போலா" படத்தில் வரும் முத்து என்ற கோல் காவலர் அவர் நினைவில் உருவான பாத்திரம்.

ஆனால் பிள்ளை தினமும் கேட்பது வேறு. "கோல் காவலன் மடையன்", "தற்காப்புக்காரன் மாடு." இதைக் கேட்டு வளரும் பிள்ளை கோல் கம்பத்தின் நடுவே நிற்க முன்வருவானா? எல்லாரும் கோல் போடும் இடத்துக்கே ஓடுகிறார்கள். தாயும் யோசிக்கிறார்: "இத்தனை ஏச்சு வாங்கவா என் மகன் விளையாட வேண்டும்? போய்ப் படிக்கட்டும்." அதோடு கூலியின் கணக்கும் இருக்கிறது. மலாக்கா யுனைடெட் சம்பளப் பாக்கி உள்ளிட்ட நிதிச் சிக்கலால் 2023 பருவத்துக்கு உரிமம் பெற முடியாமல் போனது. சோர்ந்து ஓடுகிறான் என்று திட்டும் ரசிகருக்கு, அந்த ஆட்டக்காரரின் வீட்டில் அந்த மாதம் அடுப்பு எப்படி எரிந்தது என்று தெரியாது.

ஆகவே நேயர்களே, அடுத்த முறை அணி ஒரு கோலில் தோற்கும்போது மூன்று கேள்விகள் போதும். அந்த ஆட்டக்காரருக்குக் கொடுக்கப்பட்ட வேலை என்ன? 90 நிமிடமும் அதை எப்படிச் செய்தார்? அவர் தவறிய இடத்தில் அவருக்குத் துணை நிற்க வேண்டியவர் யார்? இந்த மூன்றுக்கும் பதில் சொல்லிவிட்டுத் தாராளமாக விமர்சிக்கலாம். காரமாகவே விமர்சிக்கலாம். கோல் விட்டவரைப் பற்றிப் பேசும் அதே வாயால் அன்று நன்றாக ஆடியவரின் பெயரையும் ஒருமுறை சொல்லுங்கள். பக்கத்தில் நிற்கும் பிள்ளை அதையும் கேட்கட்டும்.