முடி நேரா இருந்தாத்தான் வேலையா?

இன்னைக்கு முடியைப் பத்திப் பேசலாம்.

என் முடி சுருட்டை. முதல் இன்டர்வியூவுக்கு முந்தின நாள் பார்லர்ல 3 மணி நேரம் உட்கார்ந்து நேராக்கினேன். யாரும் சொல்லல, 'நீட்டா' இருக்கணும்னு நானே நினைச்சுக்கிட்டேன். எனக்கு அது ஒருநாள் கதை. அமெரிக்காவுல கறுப்பினப் பெண்கள் பலருக்கு அது சின்ன வயசுலேயே ஆரம்பிச்சுடுது.

அங்கே 'ரிலாக்ஸர்'னு ஒரு க்ரீம். சிலதுல இருக்கிறது சோடியம் ஹைட்ராக்சைடு. சிங்க் அடைச்சுக்கிட்டா ஊத்துறோமே, அதுல இருக்கிற அதே காரம்! கொஞ்ச நேரம் கூடுதலா வச்சா தலைத்தோல் வெந்துடும். புதுசா வளர்ற முடி மறுபடி சுருட்டைதான். அதனால சில வாரத்துக்கு ஒருமுறை திரும்பப் போடணும்.

2022 அக்டோபர்ல ஒரு அமெரிக்க அரசு ஆய்வு வெளியாச்சு. 33,497 பெண்களைக் கிட்டத்தட்ட 11 வருஷம் கவனிச்சாங்க. இந்த மாதிரி ரசாயனங்களைப் பயன்படுத்தாதவங்களுக்கு 70 வயசுக்குள்ள கருப்பைப் புற்றுநோய் வர்ற வாய்ப்பு 1.64 சதவீதம். வருஷத்துக்கு 4 தடவைக்கு மேல பயன்படுத்தினவங்களுக்கு 4.05. இதுதான் காரணம்னு ஆய்வு அடிச்சுச் சொல்லல. தொடர்பு இருக்குன்னு சொல்லுது. பயன்படுத்தினவங்கள்ல சுமார் 60 சதவீதம் பேர் கறுப்பினப் பெண்கள்.

"அப்போ போடாம விட்டுடலாமே?"ன்னு கேட்பீங்க. விட்டா என்ன ஆகும்?

2010, அலபாமா மாநிலம். ஒரு கறுப்பினப் பெண்ணுக்கு கால் சென்டர்ல வேலை கிடைச்சது. அவங்க முடி திரிதிரியா இருக்கும் ட்ரெட்லாக்ஸ். அதை எடுக்கச் சொன்னாங்க. மாட்டேன்னார். வேலை போச்சு. வழக்கு கோர்ட்டுக்குப் போனது. 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது: சிகை அலங்காரம் மாத்திக்கக்கூடியது, அதனால இது இனப் பாகுபாடு ஆகாது.

2019இல்தான் கலிஃபோர்னியா முதல் மாநிலமா இதைத் தடுக்கச் சட்டம் போட்டது. அதுக்கப்புறம் பல மாநிலங்கள் வந்தன. நாடு முழுக்க ஒரே சட்டம் கொண்டுவர 2022இல் கீழவை ஒப்புக்கொண்டது. செனட்ல நின்னுபோச்சு.

'முடிதானே, மாத்திக்கலாமே'ன்னு சொல்றது சுலபம். எதைப் போட்டு மாத்தணும்? அதுக்கான விலையை யார் உடம்பு கொடுக்குது? இன்டர்வியூ எடுக்கிற நாற்காலியில நாளைக்கு நீங்க உட்காரலாம். அப்போ 'நீட்டா இல்லையே'ன்னு தோணுச்சுன்னா, இந்தக் கேள்வி ஞாபகம் வரட்டும்.