நம் எழுத்தை நாமே கோப்போம்!

(குன்னூரில் தமிழாசிரியர் கூடிய அவையில் ஆற்றிய உரை)



1578-ஆம் ஆண்டிலேயே கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' தமிழெழுத்தில் அச்சேறிற்று. இந்திய மொழிகளுள் தன் சொந்த எழுத்தில் இம்மண்ணில் முதன்முதல் அச்சான மொழி தமிழே. அம்மொழிக்குரிய நாம் ஒரு சிறுநூல் வெளியிடவும் பிறர் வாயிலில் காத்து நிற்றல் முறையாமோ?

நம் நீலமலைத் தேயிலைத் தோட்டங்களை எண்ணிப் பாருங்கள். 1964-ஆம் ஆண்டு உடன்பாட்டின்படி இலங்கையினின்று திருப்பியனுப்பப்பட்ட நம் மக்களுக்கு வேலை தருதற்கென அரசு 1968-இல் இங்குத் தேயிலைத் தோட்டம் தொடங்கிற்று. அன்று வந்த முதியோர் ஒவ்வொருவராய் மறைந்து வருகின்றனர். அவர்தம் பாடல்களையும் பட்டறிவையும் நம் மாணவர் குறிப்பேடுகளில் எழுதி வைத்துள்ளனர். நூலாகாவிடின் அவை செல்லுக்கு இரையாகும்.

கணிப்பொறியில் ஏற்றிவிட்டால் போதாதோ எனின், போதாது. 'பாமினி' போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இருக்கையில் தமிழ் வடிவத்தை அமர்த்தியவை. அவ்வெழுத்துரு இல்லாத பொறியில் நம் தமிழ், பொருளற்ற ஆங்கிலக் குவியலாய்த் தோன்றும். ஒருங்குறியிலோ 1991 முதல் தமிழுக்குத் தனி இருக்கை உண்டு. ஆகவே, எழுதுவதை ஒருங்குறியிலேயே எழுதுக.

அதனை நூலாகக் கோக்கவும் கட்டற்ற கருவி உண்டு. அமெரிக்கப் பேராசிரியர் தொனால்டு நூத் 1978-இல் 'தெக்' என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளை ஆக்கினார். அதன்மேல் இலெசுலி இலாம்போர்ட்டு 'இலாதெக்' அமைத்தார். சோனதன் கியூ 2004-இல் வெளியிட்ட 'சீதெக்' ஒருங்குறியை நேரே படிக்கும்; பொறியிலுள்ள எந்த எழுத்துருவையும் ஏற்கும். மூன்றும் விலையின்றிக் கிடைப்பன.

இணையத்தில் திறந்த உரிமத்தோடு எழுத்துருக்களும் உள்ளன: நோட்டோ செரிஃப் தமிழ், மீரா இனிமை, கட்டுமரம் என்னும் நம் சொல்லையே பெயராகத் தாங்கிய கேட்டமரான் ஆகியன சில. நூலின் உடற்பகுதிக்கு நோட்டோ செரிஃப் தகும். தலைப்புக்குக் கேட்டமரான் தகும்.

இவற்றைக் கையாளுங்கால் மூன்று கருத்தில் வைக்க.

ஒன்று: வலைப்பக்கத்துக்கென விடுக்கப்படும் எழுத்துரு, விரைவு கருதிச் சுருக்கப்பட்டிருக்கும், சில எழுத்துகள் நீக்கப்பட்டும் இருக்கலாம். முழுக் கோப்பையே பதிவிறக்கி, நூலின் கோப்புறையிலேயே வைக்க. பின்னர் மழைநாளில் இணையம் அறுந்தாலும் வேலை நில்லாது.

இரண்டு: 'கெ' என்பதில் ஒருங்குறி ககரத்தை முன்னும் கொம்பைப் பின்னும் சேமிக்கும். அச்சிலோ கொம்பு முன்னிற்றல் வேண்டும். எழுத்துருவை அழைக்கும் கட்டளையில் 'எழுத்துமுறை தமிழ்' எனக் குறித்தாலன்றிச் சீதெக் இடம் மாற்றாது. கொம்பு ககரத்தின் பின்னே தனித்து நின்று நகைப்புக்கிடமாகும். கட்டளைச்சொல் ஆங்கிலமே எனினும் அது தாளில் ஏறாது, ஏறுவது தமிழே.

மூன்று: விலையின்மை வேறு, உரிமை வேறு. பிறர் விற்கும் எழுத்துருவைக் களவாய்ப் படியெடுத்தலும் விலையின்மையே. அது நமக்கு இழுக்கு. திறந்த எழுத்துரு உரிமமோ பயன்படுத்தவும் ஆராயவும் திருத்தவும் பகிரவும் இசைவு தருகிறது. அதனால் கோத்த நூலை விற்கலாம்; எவருக்கும் காசு தர வேண்டா. எழுத்துருவை மட்டும் தனியே விற்றலாகாது. திருத்தி வெளியிடின் அதே உரிமத்தின்கீழ் வெளியிடல் வேண்டும்.

தோழர்களே! முன்பு ஈய எழுத்தும் பொறியும் பொருளுடையார் கையில் இருந்தன. இன்று ஒரு பள்ளிக் கணிப்பொறியே அச்சுக்கோப்பகம். பள்ளிதோறும் இரு மாணவரை இதில் பழக்குங்கள். தேயிலை பறித்த கைகளின் கதை, அவர் பெயரன் பெயர்த்தியர் கையால் கோக்கப்பட்டு நூலாகட்டும். அதுவே நாம் தமிழுக்கு ஆற்றும் தொண்டு.

வாழ்க தமிழ்!